சேசி அடித்தால் சத்தம் ஏன் அலைகிறது?

மே 11, இரவு

இங்கே பர்மாவில், தட்டோனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பயாவில் (புத்தர் கோயிலில்) தொங்கும் சேசியை அடித்தால் சத்தம் வ்வா… வ்வா… வ்வா… என்று ஏறி ஏறி இறங்குகிறதே, அது ஏன்? ரயில் ஊதிக்கொண்டே கடந்து போகும்போது சத்தம் மாறுமே, அதுதானே இது?"

அதேதான் தம்பி. டாப்ளர் விளைவு. சேசி சுற்றுகிறது, ஒரு விளிம்பு உன்னை நோக்கி வருகிறது, இன்னொன்று விலகிப் போகிறது. வரும்போது சுருதி ஏறும், போகும்போது இறங்கும். முடிந்தது.

சேசி என்றால் என்ன என்று இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கேட்பார்கள். ஒரு கோயில் மணியை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தட்டையாக்கியது போல இருக்கும் பித்தளைத் தகடு. மேலே ஒரு துளை, அதில் கயிறு. கீழே இரண்டு மூலைகளும் மீசை முறுக்கியது போல வளைந்திருக்கும். மரச் சுத்தியால் மூலையில் ஒரு தட்டு தட்டினால் ஒலித்துக்கொண்டே பம்பரமாகச் சுற்றும். இங்கே தானம், புண்ணியம் எதுவும் செய்து முடித்தால் அதை மூன்று தடவை அடிப்பார்கள். காதில் விழுந்தவர்கள் "சாது, சாது, சாது" என்பார்கள். புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு.

மே 12, விடியற்காலை 4

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

இரவு கரண்ட் போய்விட்டது. விசிறி இல்லாமல் புரண்டுகொண்டிருந்தபோது மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேசியின் அகலம் ஒரு சாண், நடுவிலிருந்து விளிம்பு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு இரண்டு சுற்று. விளிம்பின் வேகம் விநாடிக்கு 1.26 மீட்டர். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலி போவது விநாடிக்கு சுமார் 349 மீட்டர். வகுத்துப் பார்த்தால் 0.36 சதவீதம். ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசமே 6 சதவீதம். அதில் பதினாறில் ஒரு பங்கு! வீணைக்காரர் காது இருந்தால் ஒருவேளை பிடிபடும். தெருவில் போகிறவனுக்குக் கேட்கிற அந்தப் பெரிய வ்வா வ்வா அதுவாக இருக்க முடியாது.

அதோடு, அந்த வ்வாவில் சுருதி மாறவே இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். சத்தம்தான் பெரிதாகிச் சிறிதாகிறது. இரண்டும் வேறு. நேற்று இதை யோசிக்காமல் முடிந்தது என்று எழுதியவனை நானே உதைக்க வேண்டும்.

மே 12, மதியம்

ரயில் உதாரணத்தையும் விட்டுவிடலாம். யங்கோன் வட்ட ரயில் போகிற வேகத்துக்கு டாப்ளரே கொட்டாவி விடுவார்.

அவர் 1842இல் இதைச் சொன்னபோது ரயிலைப் பற்றியே பேசவில்லை. இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்கத்தான் சொன்னார். ஒலியில் இது உண்மைதானா என்று 1845இல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி சோதித்தார். ரயிலில் கொம்பு ஊதுகிறவர்களை ஏற்றி, தண்டவாளத்தோரம் சுருதி தெரிந்தவர்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார். மீட்டர் இல்லை, மெஷின் இல்லை, எல்லாம் காதுதான்.

மே 14

சரி, அப்படியானால் சத்தம் ஏன் கூடிக் குறைகிறது? விடை என் தொழிலிலேயே இருந்திருக்கிறது, மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் மைக்செட் வைத்துப் பிழைப்பவன். பதினைந்து வருடம் முன்னால் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பெரிய பாக்ஸ் வைத்தேன், மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கேசட்டில் நாதஸ்வரம். நாதஸ்வரம் கணீரென்று வருகிறது, தவில் மட்டும் டப்பாவில் தட்டுவது போல இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று முடிவு கட்டி வேறு ஒன்று மாற்றினேன். அதுவும் அப்படியே. முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் தவில் வாசித்தவர், என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தொப்பியை எங்கே விட்டுட்டே?" என்றார். நான் தலையைத் தடவிப் பார்த்தேன். அவர் சொன்னது தவிலின் தொப்பிப் பக்கத்தை. அந்த 'தொம்' சத்தமே இல்லை.

ஒரு பாக்ஸில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றி முறுக்கியிருந்தேன். இடது பாக்ஸின் கூம்பு முன்னால் தள்ளுகிற அதே நேரத்தில் வலது பாக்ஸின் கூம்பு பின்னால் இழுக்கிறது. ஒன்று காற்றை நெருக்குகிறது, இன்னொன்று அதே காற்றைத் தளர்த்துகிறது. இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் இரண்டும் சேர்ந்து பூஜ்யம். கீழ்ச்சுருதி தான் முதலில் சாகும். ஒயரை மாற்றியதும் தொப்பி திரும்பி வந்தது.

சேசியும் இதுதான். தகடு அதிரும்போது அதன் முன்முகம் காற்றை நெருக்கினால் பின்முகம் அதே கணத்தில் தளர்த்துகிறது. முகம் உன் பக்கம் இருக்கும்போது முன்முகச் சத்தம்தான் ஓங்கி வரும். தகடு திரும்பி விளிம்பைக் காட்டும்போது நீ இரண்டு முகத்துக்கும் நடுவில் நிற்கிறாய். நெருக்கலும் தளர்த்தலும் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தம் அமுங்குகிறது. அடுத்து பின்முகம் வருகிறது, மறுபடி ஓங்குகிறது.

இது சரி என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு வ்வா கேட்கக் கூடாது. இரண்டு கேட்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

மே 15

எண்ண முடியவில்லை. வேகமாகச் சுற்றுகிறது.

மே 18, ஞாயிறு

தங்கச்சி மகளை உதவிக்கு வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு. சேசியின் ஒரு முகத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டினோம். அவள் போனில் ஸ்லோ மோஷன், விநாடிக்கு 240 படம். என் போனில் சத்தப் பதிவு.

முதலில் கூடத்தில் எடுத்தது உருப்படவில்லை. கரண்ட் இருந்ததால் டியூப்லைட் போட்டிருந்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. 240 படக் கேமராவுக்குத் தெரியும். படம் முழுக்க மினுக்கல், பிளாஸ்திரி எப்போது வருகிறது, வெளிச்சம் எப்போது வருகிறது என்றே புரியவில்லை. "மாமா, கரண்ட் வந்தா அதுவும் பிரச்சினைதானா?" என்றாள்.

இன்னொன்றும் தெரிந்தது. கூடத்தில் சத்தம் அவ்வளவாக அமுங்கவில்லை. விளிம்பு எங்களைப் பார்க்கும்போது முகங்கள் சுவர்களைப் பார்க்கின்றன. சுவரில் மோதித் திரும்புகிற சத்தம் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. அதனால் மொட்டைமாடிக்குப் போனோம். துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டு அடித்தோம். அங்கே பகல் வெளிச்சம், சுவர் இல்லை.

ஒரு சுற்றுக்கு 120 படம், அதாவது அரை விநாடி. சத்தப் பதிவில் ஒரு விநாடிக்கு நாலு மேடு, நாலு பள்ளம். சுற்றுக்கு இரண்டு.

இதைவிட அழகு கடைசியில் நடப்பது. கயிறு முறுக்கேற முறுக்கேறச் சேசி மெல்ல மெல்லச் சுற்றி, ஒரு கணம் நின்று, எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கும். அந்த இடத்தில் கேமரா வேண்டாம், கண்ணும் காதும் போதும். பிளாஸ்திரி முகம், சத்தம். விளிம்பு, அமுக்கம். பிளாஸ்திரி இல்லாத முகம், சத்தம். ஒரு தடவை சரியாக விளிம்பைக் காட்டிக்கொண்டே நின்றுவிட்டது. சத்தம் செத்துவிட்டது என்று நினைத்தோம். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால், கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது!

மே 19

"பூஜ்யம் என்று எழுதினீர்களே, முழுசாகப் பூஜ்யமா?" என்று பகோவிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார். இல்லை டீச்சர். மூலைகள் வளைந்திருக்கின்றன, தகட்டுக்குக் கனம் இருக்கிறது, மாடித் தரையிலிருந்தும் சத்தம் திரும்புகிறது. அமுங்குகிறது, அவ்வளவுதான்.

உங்கள் பள்ளியில் இசைக்கவை இருந்தால் அதைத் தட்டிக் காதருகே வைத்து, காம்பைப் பிடித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். அதில் நாலு தடவை சத்தம் அமுங்கும். இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று எதிராக அசைவதால் அமுங்குகிற திசை நாலு. சேசிக்கு இரண்டு.

மே 23

மோல்மேன் அக்கா சண்டைக்கு வந்திருக்கிறார். "பெரிய மணி சுற்றுவதே இல்லை, அது மட்டும் ஓம்…ம்ம்…ம்ம் என்று அலைகிறதே? அதற்கும் பிளாஸ்திரி ஒட்டுவீர்களா?"

நியாயம். அது வேறு கதை. மணியை எவ்வளவு ஒழுங்காக வார்த்தாலும் ஒரு பக்கம் துளி கனம், ஒரு பக்கம் துளி மெலிவு இருக்கும். அதனால் ஒரே சுருதியாக இருக்க வேண்டியது மயிரிழை வித்தியாசத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒன்று விநாடிக்கு 200, இன்னொன்று 201 அதிர்வு என்றால், விநாடிக்கு ஒரு தடவை இரண்டும் சேர்ந்து ஓங்கும், ஒரு தடவை எதிர்த்து அமுங்கும். இதற்கு விம்மல் என்று பள்ளிப் புத்தகத்தில் பேர். சுருதிப் பெட்டிக்கு வீணையைச் சேர்க்கும்போது கேட்பதும் இதே அலைவுதான். அலைவு நின்றால் சுருதி சேர்ந்தது.

சேசியிலும் இது கொஞ்சம் இருக்கும் என்று சந்தேகம் வந்து, இரண்டு கயிறு கட்டிச் சுற்றாதபடி தொங்கவிட்டு அடித்தேன். வ்வா வ்வா போயே போச்சு. ஆனால் காதைக் கிட்டே வைத்தால் மிக மெதுவாக ஒரு நடுக்கம் மிச்சம் இருக்கிறது. ஆக அக்கா சொன்னதிலும் பாதி உண்மை.

பெரிய மணி என்றால் மிங்குன் மணிதான். போதப்பயா அரசர் காலத்தில் வார்த்தது. 55,555 வீசை, சுமார் 90 டன். வெள்ளைக்காரன் இங்கே 'விஸ்' என்று எழுதி வைத்தது நம் வீசையைத்தான். பர்மியர் அதைப் பெய்த்தா என்பார்கள். சந்தையில் வெங்காயம் வாங்கும்போது என் அம்மா இன்றைக்கும் வீசைக் கணக்குதான்.

மே 24

"தம்மசேதி மணி ஆற்றுக்குள் கிடக்கிறதே, அதை அடித்தால் கேட்குமா?" என்று ஒரு குறும்புக்காரர். 1608இல் போர்த்துகீசியன் டி பிரிட்டோ யங்கோனின் ஷ்வேடகோன் பயாவிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய் ஆற்றில் விட்ட மணி. தேடாதவர் இல்லை, கிடைத்தபாடில்லை. சேற்றில் புதைந்த மணி அதிராது ஐயா, மெத்தையில் போட்டுத் தட்டுவது போல. சேறு இல்லாமல் தொங்கினால் தண்ணீருக்குள் சத்தம் விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும், காற்றில் போவதைப் போல நாலு மடங்கு. யார் போய் அடிப்பது என்பதுதான் கேள்வி.

ஜூன் 2

மழை பிடித்துக்கொண்டது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். நேற்று சாயங்காலம் எண்ண ஆரம்பிக்கும் முன்பே இடி. ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்க ஓடினேன்.

ஜூன் 7

தட்டோன் தம்பி விடுவதாக இல்லை. "சத்தமும் அலை, வெளிச்சமும் அலை என்கிறீர்கள். அப்புறம் ஏன் சத்தம் மட்டும் மூலை திரும்பி வருகிறது, வெளிச்சம் வருவதில்லை?"

இதை யங்கோனில் இருப்பவனிடமா கேட்பது? கரண்ட் போனதும் பக்கத்துச் சந்தில் ஜெனரேட்டர் போடுகிறார்கள். வெளிச்சம் அவர்களுக்கு, சத்தம் எங்களுக்கு.

சின்ன ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று. ஒற்றை சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, ஆக விநாடிக்கு 25. அந்த அடிச்சத்தத்தின் ஓர் அலை 14 மீட்டர் நீளம். சந்தின் அகலம் ஐந்து மீட்டர்கூட வராது. தன்னைவிடச் சின்ன இடுக்கிலிருந்து வெளியே வரும் அலை எல்லாப் பக்கமும் விரியும், மூலையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெளிச்சத்தின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஊதாவுக்கு 400 நானோமீட்டர், சிவப்புக்கு 700. அதற்கு எங்கள் சந்து ஒரு கடல். நேராகப் போய்விடும்.

இதே காரணத்தால்தான் சேசியிலும் அந்த அமுக்கம் நன்றாகக் கேட்கிறது. விநாடிக்கு 800 அதிர்வு என்று வைத்தால் அலை 44 சென்டிமீட்டர். தகடு ஒரு சாண்தான். இரண்டு முகச் சத்தமும் சுலபமாக விளிம்பைச் சுற்றி வந்து கைகலக்கின்றன.

ஜூன் 8

டீச்சர் திருத்தம்: "இரண்டும் அலை என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒலியில் காற்று போகிற திசையிலேயே முன்னும் பின்னும் அசைகிறது, ஒளியில் அசைவு குறுக்கே. ஒலிக்குக் காற்றோ தண்ணீரோ வேண்டும், ஒளிக்கு ஒன்றும் வேண்டாம்." ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றையொன்று தின்கிற வேலையை இரண்டுமே செய்கின்றன. மழை நாளில் மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலில் தேங்கிய தண்ணீரைப் பாருங்கள். எண்ணெய் படலம் மயில் கழுத்தாக மின்னும். படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் கீழ்ப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது, ஓரிடத்தில் சிவப்பு அமுங்குகிறது, ஓரிடத்தில் நீலம். மிச்சம்தான் நம் கண்ணுக்கு. என் கல்யாண ஒயர் கூத்தேதான்.

ஜூன் 21

மோல்மேன் அக்கா முன்பு கேட்டு நான் நழுவிய கேள்வி: ஷ்வேடகோன் உச்சி வைரம் ஏன் நிறம் மாறுகிறது?

போகாதவர்களுக்கு: 99 மீட்டர் உயரக் கோபுரத்தின் நுனியில் 76 காரட் வைரம். இருட்டிய பிறகு மேடையில் சில குறிப்பிட்ட இடங்களில் நின்று அண்ணாந்து பார்த்தால், விளக்கு வெளிச்சம் பட்டு அது ஒரு புள்ளியாகச் சுடர்விடும். ஓரிடத்தில் சிவப்பு, கொஞ்சம் தள்ளினால் பச்சை. எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட அங்கே எப்போதும் யாராவது இருப்பார்கள்.

சின்ன வயதில் அப்பா கூட்டிப் போனபோது, கலர் பல்பு மாட்டியிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து நண்பர்களிடமும் பரப்பிவிட்டேன். நேற்று மழை விட்டிருந்தது, மருமகளைக் கூட்டிப் போனேன். ஈரப் பளிங்கில் வெறுங்காலோடு நின்று "மாமா, பச்சை!" என்றாள். நான் அவளுக்கு இடதுபக்கம் இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். எனக்கு ஆரஞ்சு. இடம் மாறிக்கொண்டோம். பச்சை எனக்கு, ஆரஞ்சு அவளுக்கு. பல்பு என்றால் இரண்டு பேருக்கும் ஒரே நிறம்தானே தெரிய வேண்டும்?

வைரத்துக்குள் ஒளி வளைகிறது, நிறத்துக்கு நிறம் கொஞ்சம் வேறு அளவில். ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 2.41, ஊதாவுக்கு 2.45. வெளியே வரும்போது நிறங்கள் விசிறியாக விரிந்துவிடும். ஒரு டிகிரி விரிந்தால் போதும், 120 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு அது இரண்டு மீட்டர் அகலம். அந்த இரண்டு மீட்டரில் கண் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த நிறம். கையில் இருக்கும் மோதிரத்தில் இந்த வித்தை இவ்வளவு நிதானமாகத் தெரியாது. தூரம்தான் விசிறியை விரித்துக் கொடுக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் அவளே சொன்னாள்: "சேசி சுத்துது, நாம நிக்கிறோம். வைரம் நிக்குது, நாம சுத்துறோம்." எனக்கு இது தோன்றவில்லை.

ஜூன் 22

அவள் சொன்னதைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். முழுக்கப் பொருந்தாது. சேசியில் நடப்பது ஒன்றையொன்று தின்பது, வைரத்தில் நடப்பது வளைவு. ஆனால் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்பது வரை சரி.

ஜூன் 30

யாரோ ராமனை இழுத்துவிட்டார், நான் சும்மா இருப்பேனா? சர் சி.வி. ராமன் 1909இல் கரன்சி அதிகாரியாக இதே ரங்கூனுக்கு மாற்றலாகி வந்தவர். சில மாதங்கள்தான் இருந்தார். 1930இல் நோபல் வாங்கியது ஒளிச் சிதறலுக்கு, ஆனால் அதற்கு முன்னால் அவர் மண்டையைக் குடைந்தது மிருதங்கமும் வீணையும். சாதாரணத் தோல் மேளத்தில் மேல்சுருதிகள் ஒன்றுக்கொன்று சேராமல் இரையும். வலந்தலை நடுவில் பூசிய கறுப்பு அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியம் போலச் சுருதி சுத்தமாகப் பேச வைக்கிறது என்று 1920இல் எழுதினார்.

பர்மியரும் தங்கள் மேள வட்டத்தில் ஒவ்வொரு மேளத்துக்கும் சோறும் சாம்பலும் பிசைந்து அப்பித்தான் சுருதி சேர்க்கிறார்கள். திருவிழா இரவுகளில் மேடைக்குப் பின்னால் மைக் ஒயர் இழுத்துக்கொண்டே இதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு துளி அப்புவது, தட்டுவது, நகத்தால் ஒரு துளி சுரண்டுவது, மறுபடி தட்டுவது. ராமன் அந்தச் சில மாதங்களில் இதைப் பார்த்தாரா என்று எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான்.

ஜூலை 6

கடைசிச் சோதனை, மருமகளின் யோசனை. "முன்சத்தமும் பின்சத்தமும் விளிம்பைச் சுத்தி வந்துதானே சண்டை போடுது? நடுவுல சுவர் வெச்சா?"

ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி போடுவதே அதற்குத்தான். முப்பது வருடமாகப் பெட்டி செய்கிறேன், சேசிக்குப் பெட்டி போடத் தோன்றவில்லை. நூடுல்ஸ் வந்த பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, சேசியின் உருவத்துக்கு ஒரு விரற்கடை பெரிதாக ஓட்டை வெட்டினாள். இரண்டு கயிற்றில் சேசியைத் தொங்கவிட்டு, அது அட்டையைத் தொடாமல் ஓட்டைக்குள் நிற்கும்படி நான் பிடித்துக்கொண்டேன். அவள் அடித்தாள். அட்டையை எடுத்துவிட்டு ஒரு தடவை, வைத்து ஒரு தடவை. அட்டையோடு அடித்தபோது அடிச்சுருதி திடீரென்று கனத்து வந்தது, தொப்பி திரும்பின மாதிரி.

நம்பாமல் மூன்றாவது தடவையும் அடித்தாள். சத்தம் ஓய்வதற்குள் கீழ்மாடி ஜன்னல் திறந்தது. பர்மாக்கார அத்தை மேலே அண்ணாந்து, என்ன தானம், யாருக்கு என்று கேட்கவே இல்லை. கைகூப்பி "சாது, சாது, சாது" என்றார். மருமகள் என்னைப் பார்த்தாள், நான் அட்டையைப் பார்த்தேன். இரண்டு பேரும் பதிலுக்குக் கைகூப்பினோம்.